உயரமான பையனை ரிங்கின் அடியிலிருந்து வெளியே கொண்டுவரலாமா?

ஏப்ரல் 6, 2024: கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

"எங்கள் கூடைப்பந்து கிளப் பையன்களில் ஒருவன் 6 அடி 2 அங்குலம். வயது 16. பந்து தட்டுவதில் கை நல்ல பக்குவம், பாஸும் ஆள் பார்த்துப் போடுகிறான். அவனைப் பாயின்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவனாக, ஆடவைத்தால் எதிரணியின் ஐந்தரை அடிக் கார்டு அவனை எப்படித் தடுப்பான் என்பது என் கணக்கு. மற்றவர்களோ, இருக்கிற ஒரே உயரத்தையும் வெளியே அனுப்பிவிட்டு ரீபவுண்டுக்கு, கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, யாரை நிறுத்துவாய் என்கிறார்கள். யார் சொல்வது சரி?"

ஏப்ரல் 6, இரவு

நீங்கள் சொல்வதுதான் சரி. பந்தை அவன் கையில் கொடுங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம், நானே ஒரு காலத்தில் அந்தப் பையன். கொடைக்கானலில் ஒன்பதாம் வகுப்பிலேயே ஆறடியைத் தொட்டுவிட்டேன். அன்றிலிருந்து ரிங்கின் அடிதான் என் இடம். "கையத் தூக்கிக்கிட்டு நில்லு, வர்ற பந்தப் பிடி, போடு." மூன்று வருடம் அதுதான் பயிற்சி. பந்தைத் தரையில் ஒரு தட்டு தட்டினால் ஓரத்திலிருந்து சத்தம் வரும். மலையில் இருக்கிற அணிகளுக்குள் ஆடும்வரை நான் பெரிய ஆள். அப்புறம் மாவட்டத் தேர்வுக்காகத் திண்டுக்கல் இறங்கினேன். அங்கே 6 அடி 4, 6 அடி 5 என்று நான்கு பேர் நின்றார்கள். ரிங்கின் அடியில் ஆடும் சென்டருக்கு நான் குட்டை. கார்டாக ஆடலாம் என்றால் பந்து தட்டத் தெரியாது. பத்து நிமிடத்தில் என் பெயரை அடித்துவிட்டார்கள். திரும்பும்போது பஸ் டம் டம் பாறையைத் தாண்டும்வரை நான் வாய் திறக்கவில்லை.

16 வயதில் 6 அடி 2 அங்குலம் என்பது மலையில் சென்டரின் உயரம். மாநில அணித் தேர்வில் அது கார்டின் உயரம். இன்று அவனை ரிங்கின் அடியில் கட்டிப்போட்டால் இரண்டு வருடம் கழித்து அவனுக்கு ஆட இடமே இருக்காது.

ஏப்ரல் 7

நேற்று சொந்தக் கதையில் போய்விட்டேன். மிஸ்மேட்ச், அதாவது ஆடுபவனும் தடுப்பவனும் பொருந்தாத ஜோடியாவது, எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லவில்லை.

எதிரணியிடம் ஐந்து பேர்தான். உங்கள் உயரமான பையன் கார்டாக வந்தால் அவர்கள் முன்னே இரண்டே வழி. தங்கள் குள்ளக் கார்டையே அவன்மேல் விடலாம். அவன் குள்ளனின் தலைக்கு மேலே பார்த்துப் பாஸ் போடுவான், தலைக்கு மேலே ஷாட் அடிப்பான். இல்லையென்றால் ரிங்குக்குப் பக்கத்தில் ஆடும் தங்கள் உயரமான ஃபார்வர்டை வெளியே கொண்டுவந்து அவன்மேல் போடலாம். அப்போது அந்தக் குள்ளக் கார்டு எங்காவது போய் ஒளிய வேண்டும், அதாவது உங்கள் ஃபார்வர்ட் ஒருவனைத் தடுக்க வேண்டும். உயர வித்தியாசம் எங்கும் போய்விடுவதில்லை, மைதானத்தில் வேறு மூலைக்கு நகர்கிறது. அது எந்த மூலை என்று முதலில் கண்டுபிடிப்பவன் ஜெயிக்கிறான்.

இதற்குப் பெரிய உதாரணம் மேஜிக் ஜான்சன். 6 அடி 9 அங்குலம், ஆனால் பாயின்ட் கார்டு. 1980 மே 16, அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் இறுதித் தொடரில் ஆறாவது ஆட்டம், பிலடெல்பியாவில். லேக்கர்ஸ் அணியின் சென்டர் கரீம் அப்துல் ஜப்பார் கணுக்கால் காயத்தால் வரவில்லை. 20 வயது மேஜிக், அதுவும் முதல் வருட ஆட்டக்காரர், சென்டர் இடத்தில் போய் நின்று ஆட்டத்தைத் தொடங்கினார். 42 புள்ளி, 15 ரீபவுண்ட், 7 அசிஸ்ட் (கூடையில் முடிந்த பாஸ்). லேக்கர்ஸ் 123-107 என்று ஜெயித்துக் கோப்பையை எடுத்தது.

நான் பார்ப்பது அந்த 42-ஐ அல்ல. சென்டராக நின்றவருக்குக் கார்டின் கை இருந்தது. ரீபவுண்டை எடுத்தவரே பந்தைத் தட்டிக்கொண்டு மறுபக்கம் போகலாம், நடுவில் யாருக்கும் பாஸ் போட வேண்டாம். உங்கள் ஊர்க்காரர்கள் கேட்ட ரீபவுண்ட் கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. கார்டாக ஆடுகிறவன் ரீபவுண்ட் எடுக்கக் கூடாது என்று எந்த விதியும் கிடையாது. தடுப்பில் அவனை ரிங்கின் பக்கத்திலேயே நிறுத்துங்கள். பந்தைப் பிடித்ததும் அவனே கொண்டு ஓடட்டும். எதிரணி தன் ஆளைத் தேடிப் பிடிப்பதற்குள், முதல் ஐந்தாறு நொடியில், யாராவது ஒரு குட்டையன் தவறான இடத்தில் நிற்பான்.

ஏப்ரல் 9

ஒரு நண்பர் நினைவூட்டினார்: மேஜிக்குக்கு முன்பே ஆஸ்கர் ராபர்ட்சன் இருந்தார். உண்மை. 6 அடி 5 அங்குலக் கார்டு. 1961-62 பருவம் முழுவதற்குமான அவருடைய சராசரி 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட், 11.4 அசிஸ்ட். தன்னைவிடக் குட்டையான கார்டை முதுகால் தள்ளிக்கொண்டே ரிங்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஷாட் அடிப்பது அவருடைய வழக்கம். அவரை விட்டுவிட்டு எழுதியது என் தவறு.

ஏப்ரல் 14, சித்திரை ஒன்று

காலையில் பயிற்சி இல்லை, வீட்டில் பாயசம். அதனால் இன்று நீளமாகவே எழுதலாம்.

போன வருடம் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். எங்கள் அணியிலும் ஒரு உயரமான பையன் இருக்கிறான். பெயர் வேண்டாம், எட்டாம் நம்பர் என்று வைத்துக்கொள்வோம். 6 அடி 1. வாரத்தில் மூன்று நாள், ஏரிக்கு மேலே ஒரு சிமென்ட் மைதானத்தில் காலை ஆறரைக்கு ஆடுகிறோம். மாலையில் ஆட முடியாது. மூன்று மணிக்கு மேல் மஞ்சு இறங்கிவிட்டால் எதிர்ப்பக்க ரிங்கே கண்ணுக்குத் தெரியாது, தரையும் ஈரம்.

கீழிருந்து ஓர் அணி வந்தது. அவர்கள் கார்டு ஐந்தரை அடிகூட இருக்க மாட்டான். எனக்கு ஒரே சந்தோஷம். எட்டாம் நம்பரிடம் சொன்னேன்: "நீ போஸ்டுக்கு, ரிங்குக்குப் பக்கத்துல, போய் முதுகைக் காட்டி நில்லு. பந்து உன்கிட்ட வரும். திரும்பு, போடு." முதல் இரண்டு முறையும் கூடை விழுந்தது. மூன்றாவது முறை அந்தக் குள்ளன் அவன் முன்னால் வந்து நின்றுகொண்டான். மேலே தூக்கிப் போட்ட பாஸைப் பின்னாலிருந்து வந்த அவர்கள் சென்டர் பறித்துக்கொண்டான். நான்காவது முறையும் அப்படியே. ஐந்தாவது முறை பந்து போய்ச் சேர்ந்தது, ஆனால் அவனைச் சுற்றி மூன்று பேர். எங்கள் மற்ற நான்கு பேரும் என்ன செய்தார்கள் தெரியுமா? நின்ற இடத்திலேயே நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கச் சொன்னது நான்தான். பதினேழு புள்ளியில் தோற்றோம்.

இதற்கு விதிகளும் ஒரு காரணம், அதை அன்று நான் யோசிக்கவில்லை. டிவியில் பார்க்கும் என்.பி.ஏ. ஆட்டத்தில் தடுப்பவன் யாரையும் தடுக்காமல் ரிங்கின் முன்னால் இருக்கும் பெயிண்ட் கட்டத்துக்குள் மூன்று நொடிக்கு மேல் நிற்க முடியாது. 2001-02 பருவத்திலிருந்து அங்கே அப்படி விதி. நாம் ஆடுவது உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி, இங்கே அந்தத் தடை கிடையாது. மூன்று நொடி விதி தாக்குகிற நமக்கு மட்டும்தான். அவர்கள் சென்டர் ஆட்டம் முழுவதும் ரிங்கின் அடியில் மரம்போல நிற்கலாம். டிவியில் பார்த்ததை அப்படியே கொண்டுவந்து இங்கே இறக்கினால் இப்படித்தான் ஆகும்.

நம் பக்கத்துக்குச் சாதகமான விதியும் ஒன்று உண்டு. என்.பி.ஏ.வில் ரிங்குக்கு எதிரே இருக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டுக்குக் கீழே முதுகைக் காட்டியபடி ஐந்து நொடிக்கு மேல் பந்தைத் தட்டிக்கொண்டே தள்ள முடியாது. மார்க் ஜாக்சன் என்ற கார்டு அந்த வேலையை அளவில்லாமல் செய்ததால் 1999-2000 பருவத்தில் கொண்டுவந்த விதி அது. ஃபிபாவில் அப்படி இல்லை. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால்தான் ஐந்து நொடிக் கணக்கு ஓடும். நம் ஊர்ப் போட்டிகள் பலவற்றில் 24 நொடிக் கடிகாரமும் இருப்பதில்லை. ஆக, எட்டாம் நம்பர் அவசரப்பட எந்தக் காரணமும் இருந்ததில்லை. அவனை அவசரப்படுத்தியதும் நான்தான்.

ஏப்ரல் 16

முந்தின குறிப்பில் ஒரு விஷயம் விட்டுப்போனது, என் மனதில் இருப்பதில் முக்கியமானதும் அதுதான்.

போஸ்டுக்குள் போடுகிற அந்தப் பாஸ்தான் பாதி நேரம் திருட்டுப்போகிறது. சென்டருக்கு வேறு வழியில்லை, யாராவது போட்டுத்தான் ஆக வேண்டும். கார்டுக்கு அந்தப் பாஸே தேவையில்லை! அவன் பந்தைத் தானே தட்டிக்கொண்டு, முதுகை லேசாகத் திருப்பி, ஒவ்வோர் அடியாக உள்ளே போகலாம். முன்னால் வந்து மறிக்கவும் வழியில்லை, ஏனென்றால் பந்து ஏற்கனவே அவனிடம் இருக்கிறது. இந்த எளிய விஷயம் எனக்குப் புரிய ஒரு தோல்வி தேவைப்பட்டது.

ஏப்ரல் 20

நேற்று வாக்குப்பதிவு. மைதானத்துக்குப் பக்கத்திலேயே வாக்குச்சாவடி, அதனால் பயிற்சி இல்லை. இன்று காலை இரண்டு மணி நேரம் சேர்த்து ஆடினோம்.

இப்போது எட்டாம் நம்பரை நான் போஸ்டுக்கு அனுப்புவதில்லை. ஃப்ரீ த்ரோ கோட்டின் முனைக்கு அனுப்புகிறேன், வலது முனை அல்லது இடது முனை. அங்கே நின்றால் ரிங் ஐந்து மீட்டருக்குள். இரண்டு மூலையும் கண்ணில் படும். முன்னால் குள்ளக் கார்டு நின்றால் அவன் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான், இவன் அவன் தலைக்கு மேலாக மொத்த மைதானத்தையும் பார்க்கிறான். ரிங்கின் அடியில் நிற்கும் அந்தச் சென்டர் மேலே வந்தால் அவனுக்குப் பின்னால் எங்கள் சென்டர் ரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேஸ்லைன் ஓரமாக நழுவுகிறான். வராவிட்டால் இவன் திரும்பி ஷாட் அடிக்கிறான்.

இதற்கு மற்ற நான்கு பேரின் காலும் சரியான இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு மூலைக்கும் ஒவ்வொருவன், எதிர்ப்பக்கம் மூன்று புள்ளிக் கோட்டில் ஒருவன், பேஸ்லைனில் சென்டர். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒரே தடுப்பாளன் இரண்டு பேரையும் பார்த்துக்கொள்வான், நாம் சம்பாதித்த உயர வித்தியாசம் அங்கேயே வீணாகிவிடும். சுண்ணாம்புக் கட்டியால் தரையில் நான்கு வட்டம் போட்டு வைத்தேன். இரண்டு வாரமாக அதிலேயே நிற்கிறார்கள்.

ஷாட்டுக்கு ஷான் லிவிங்ஸ்டன் ஆடியதைப் பையன்களுக்குப் போனில் காட்டினேன். 6 அடி 7 அங்குலக் கார்டு. 2007-ல் காலையே எடுக்க வேண்டிவரலாம் என்று பேசும் அளவுக்கு முழங்காலில் காயம். மீண்டு வந்து, 2014-ல் கோல்டன் ஸ்டேட் அணியில் சேர்ந்து, அவர்களோடு மூன்று கோப்பை. மூன்று புள்ளி ஷாட் அவரிடம் ஏறக்குறைய கிடையாது. பந்தைத் தட்டிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு அடித் தூரத்துக்கு வருவார், குள்ளக் கார்டுக்கு மேலே திரும்பி மெதுவாக விடுவார். அவ்வளவுதான். எட்டாம் நம்பருக்கும் மூன்று புள்ளி ஷாட் இல்லை. அவன் அந்த வீடியோவை நான்கு முறை பார்த்தான்.

ஏப்ரல் 21

பந்தை உயரமாகத் தட்டும் பழக்கத்தை முதலில் ஒழியுங்கள். உயரமானவன் கையிலிருந்து தரைக்குப் போய்த் திரும்ப அதிக நேரம் ஆகும், குள்ளக் கார்டு கீழிருந்து கை விட்டுத் தட்டிவிடுவான். ஈரச் சிமென்டில் பந்து சறுக்கவும் செய்யும். முழங்காலுக்குக் கீழே தட்டட்டும். இடது கையில் இருநூறு, பிறகுதான் வலது கை.

மே 4

இன்று பயிற்சி முடிந்ததும் நான்காம் நம்பர் கிளம்பாமல் நின்றான். எங்கள் பழைய பாயின்ட் கார்டு அவன். ஐந்தடி நான்கு. மூன்று வருடமாகப் பந்தை அவன்தான் கொண்டுபோவான்.

"அண்ணே, பந்த இனிமே அவன்தான் கொண்டுபோவான்னா நான் எதுக்கு?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஒரு மாதமாக நான் இங்கே எழுதியதைத் திரும்பப் படித்தேன். எல்லாம் உயரமான பையனைப் பற்றியே. இவனைப் பற்றி ஒரு வரி கிடையாது.

மே 5

நான்காம் நம்பருக்கான பதிலை இரவெல்லாம் யோசித்தேன். அவன் இல்லாமல் இந்த ஆட்டமே இல்லை என்பதுதான் பதில். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, கணக்கே அப்படித்தான் இருக்கிறது.

விவரம் தெரிந்த அணி எதுவும் தன் குள்ளக் கார்டை எட்டாம் நம்பர்மேல் விடாது. ஓர் ஆட்டம் பார்த்துவிட்டால் போதும், அடுத்த ஆட்டத்தில் ஃபார்வர்டைப் போடும். குள்ளக் கார்டு எங்கள் நான்காம் நம்பரைத்தான் தடுத்துக்கொண்டிருப்பான். அப்படியென்றால் அந்தக் குள்ளனை எட்டாம் நம்பரிடம் இழுத்து வரக்கூடியவன் யார்? நான்காம் நம்பர் மட்டும்தான். அவன் எட்டாம் நம்பருக்கு ஸ்க்ரீன் போட வேண்டும், அதாவது எட்டாம் நம்பரைத் தடுப்பவனின் வழியில் அசையாமல் நிற்க வேண்டும். தன் தடுப்பாளனையும் கூடவே கூட்டிவருவான்.

அவர்கள் ஸ்விட்ச் செய்தால், அதாவது தடுக்கும் ஆளைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டால், குள்ளன் எட்டாம் நம்பரிடம் மாட்டுகிறான், கனத்த ஃபார்வர்ட் எங்கள் வேகமான நான்காம் நம்பரிடம் மாட்டுகிறான். ஒரு மிஸ்மேட்ச் தேடிப் போனால் இரண்டு கிடைக்கிறது. ஸ்விட்ச் செய்யாவிட்டால் ஃபார்வர்ட் ஸ்க்ரீனில் இடித்து அரை அடி பின்தங்குவான், எட்டாம் நம்பர் நேராக உள்ளே போகலாம். ஸ்க்ரீன் போட்டதும் நான்காம் நம்பர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு விலகி நிற்க வேண்டும், அவனுக்கு அந்த ஷாட் இருக்கிறது.

பொதுவாக ஸ்க்ரீன் போடுவது சென்டரின் வேலை என்று சொல்லிக்கொடுப்போம். சென்டர் ஸ்க்ரீன் போட்டால் எதிரணியின் சென்டர்தான் கூட வருவான். உயரத்துக்கு உயரம், நமக்கு லாபமில்லை. குட்டையான கார்டு போடும் ஸ்க்ரீன்தான் நாம் விரும்பும் ஆளைக் கொண்டுவரும்.

காலையில் மூஞ்சிக்கல் டீக்கடையில் உட்கார்ந்து பழைய பில்லின் பின்பக்கம் வரைந்து காட்டினேன். அவன் முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டான்: "ஸ்க்ரீன் போட்டா அவன் மேல வந்து மோதுவான்ல?" மோதுவான். காலை அகல வைத்து, கையை நெஞ்சோடு சேர்த்து நிற்கச் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

மே 12

சீசன் கூட்டம், மலர்க் கண்காட்சிக்கான ஏற்பாடுகள், போதாததற்கு 7-ஆம் தேதியிலிருந்து இ-பாஸ் வேறு. கீழிருந்து பயிற்சி ஆட்டத்துக்கு வரவிருந்த அணி வேனுக்கு இ-பாஸ் எடுக்க மறந்து பாதியில் நின்றுவிட்டது. அரசு பஸ்ஸில் வந்திருக்கலாம்.

மே மாதம் என்றாலே எனக்குப் பெரியகுளம் நினைவுதான். சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டி. காட் ரோடு பிரிவில் இறங்கி, தேவதானப்பட்டி வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்து, இரவு ஆட்டம் பார்த்துவிட்டு விடிகாலையில் மலையேறுவோம். வங்கி அணிகள், ராணுவ அணிகள், ரயில்வே அணி என்று வரும். பார்த்தால்தான் தெரியும், அங்கே பந்து கொண்டுவரும் கார்டே எங்கள் ஊர் சென்டரைவிட உயரம். காசு இல்லாத வருடம் இரவில் கோக்கர்ஸ் வாக் பக்கம் போய் நின்று கீழே தெரிகிற வெளிச்சத்தைப் பார்ப்பேன். அதில் எது பெரியகுளம், அதில் எது மைதானம் என்று தேடிக்கொண்டிருப்பேன்.

இந்தியாவிலேயே உதாரணம் வேண்டுமென்றால் விசேஷ் பிருகுவன்ஷி. வாரணாசிக்காரர், இந்திய அணியின் கேப்டனாக இருந்தவர், 2020-ல் அர்ஜுனா விருது பெற்றவர். ஆறேகால் அடிக்கு மேல் உயரம், ஆனாலும் கார்டு. உங்கள் பையனுக்கு அவருடைய ஆட்டத்தைக் காட்டுங்கள். மேஜிக் வேறு உலகம், இவர் எட்டுகிற உயரம்.

மே 25

இன்று காலை போனில் டல்லாஸ் – மினசோட்டா என்.பி.ஏ. ஆட்டம். கடைசி நொடிகள், டல்லாஸ் இரண்டு புள்ளி பின்னே. டல்லாஸின் உயரமான கார்டு லூகா டான்சிச் என்ன செய்தார் பாருங்கள். உயரமான கார்டு தன்னைவிடக் குட்டையானவனைத் தேடுவான் என்றுதானே இதுவரை எழுதினேன்? அவர் அப்படித் தேடவில்லை. ஸ்விட்ச்சில் ரூடி கோபேர் அவர்மேல் வந்தார். ஏழடியை ஒட்டிய உயரம், தடுப்பில் பெரிய பெயர். அவரை ரிங்கிலிருந்து வெகுதூரம் வெளியே நிறுத்தி, பந்தை இப்படியும் அப்படியும் தட்டி, ஓர் அடி பின்வாங்கி மூன்று புள்ளி. 109-108.

ஆகவே ஏப்ரல் 7-இல் எழுதியதை இங்கே திருத்துகிறேன். மிஸ்மேட்ச் என்றால் உயர வித்தியாசம் மட்டும் கிடையாது. கால் வேகத்தின் வித்தியாசமும் மிஸ்மேட்ச்தான். பல வேலை தெரிந்த கார்டுக்குக் குட்டையானவன் வந்தால் உள்ளே போக வேண்டும், நெட்டையானவன் வந்தால் வெளியே நிற்க வேண்டும். யார் வந்திருக்கிறான் என்று பார்ப்பதுதான் அவனுடைய முதல் வேலை. எட்டாம் நம்பரிடம் இனிமேல் பந்து வந்ததும் எதிரே இருப்பவனின் நம்பரை உரக்கச் சொல்லச் சொல்லப்போகிறேன்.

மே 26

சொல்லச் சொன்னேன். அவன் நம்பரைச் சொன்னால் எதிரணிக்கும் கேட்குமே என்று சென்டர் பையன் கேட்டான். சரியான கேள்வி. பயிற்சியில் மட்டும் உரக்க, ஆட்டத்தில் மனசுக்குள்.

ஜூன் 18

என்.பி.ஏ. இறுதித் தொடரில் டல்லாஸைப் போஸ்டன் ஜெயித்துவிட்டது, 4-1. உயரமான கார்டுக்காக இரண்டு மாதமாக வாதாடிக்கொண்டிருக்கும் எனக்கு இந்தத் தொடர் நிறையச் சொன்னது.

டான்சிச் தேடிப் பிடிக்க போஸ்டனிடம் பலவீனமான ஆள் கிடைப்பதே அரிதாக இருந்தது. கார்டுகள் ஜூரூ ஹாலிடே, டெரிக் வைட் இருவருமே 6 அடி 4 அங்குலம். ஜெய்லன் பிரவுன், டேட்டம் இன்னும் உயரம். யார் யாரோடு ஸ்விட்ச் ஆனாலும் அதே மாதிரி இன்னொருவர்தான் வந்து நிற்கிறார். அடுத்தது இதைவிட வலிக்கிற விஷயம். மறுபக்கத்தில் போஸ்டன் டான்சிச்சையே குறிவைத்தது. அவர் தடுக்கிற ஆளை ஸ்க்ரீனுக்குக் கூட்டிவந்து, வேகமான ஒருவரை அவர்மேல் விட்டுக்கொண்டே இருந்தது. மூன்றாவது ஆட்டத்தில் நான்கு நிமிடத்துக்கும் கொஞ்சம் அதிகமாக மீதம் இருக்கும்போதே ஆறு ஃபவுலும் முடிந்து அவர் வெளியே போனார்.

கோத்தகிரி நண்பருக்கு நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது இது. உயரமான கார்டை ஆடவைத்தால், மறுபக்கத்தில் அவன் யாரைத் தடுப்பான் என்பதை அன்றே முடிவுசெய்யுங்கள். எதிரணியின் வேகமான கார்டை அவனிடம் கொடுக்காதீர்கள். அதற்கு உங்கள் குட்டைப் பையன் இருக்கிறான். நெட்டையன் ஃபார்வர்டைத் தடுக்கட்டும், ரீபவுண்டுக்குப் பக்கத்திலேயே இருப்பான். எதிரணி ஸ்க்ரீன் போட்டு அவனை வெளியே இழுக்கும்போது என்ன செய்வது என்பதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டும். நாங்கள் பக்கவாட்டுக் கால் நகர்த்தலை தினமும் பத்து நிமிடம் செய்கிறோம். எட்டாம் நம்பருக்கு அது பிடிக்கவே பிடிக்காது. தினமும் செய்கிறான்.

ஜூன் 30

போன வருடம் பதினேழு புள்ளியில் எங்களைத் தோற்கடித்த அதே அணியோடு இன்று மறுபடி ஆடினோம். நான்கு புள்ளியில் தோற்றோம்.

எட்டாம் நம்பர் எடுத்தது ஒன்பது புள்ளிதான். ஆனால் அவனிடமிருந்து பாஸ் வாங்கி மூலையிலிருந்தும் பேஸ்லைனிலிருந்தும் மற்றவர்கள் போட்ட கூடைகளை எண்ணிக்கொண்டே இருந்தேன், பதினொன்று. முதல் பாதியில் அவர்கள் சோனுக்கு, அதாவது ஆளைவிட்டு இடத்தைக் காக்கும் தடுப்புக்கு, மாறினார்கள். சோனில் ஆளுக்கு ஆள் தடுப்பு இல்லாததால் ஸ்க்ரீனுக்கு வேலை இல்லை என்று பயந்தேன். எட்டாம் நம்பர் தானாகவே ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுவுக்குப் போய் நின்றான். சோனுக்கு நடுவில் உயரமான ஒருவன், அதுவும் பாஸ் போடத் தெரிந்தவன், பந்தோடு நின்றால் அது உடைகிறது. இதை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

தோற்றது ஏன் என்றால் கடைசி மூன்று நிமிடம். கைகள் ஓய்ந்து பந்தை மறுபடி உயரமாகத் தட்ட ஆரம்பித்தான். இரண்டு முறை பறிபோனது. அந்த நேரத்தில் பந்தை நான்காம் நம்பரிடம் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். ஒரே ஆளே ஆட்டம் முழுக்கக் கொண்டுபோக வேண்டியதில்லை, ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம் என்று இருவரும் தங்களுக்குள்ளேயே பேசி முடிவுசெய்திருக்கிறார்கள். நான் சரி என்றேன்.

ஜூலை 7

கோத்தகிரி நண்பரின் பதில் வந்தது. அவர்கள் பையன் இப்போது இடது கையிலும் பந்தைக் கொண்டுபோகிறானாம். ரீபவுண்டைப் பற்றிப் பேசியவர்கள் இப்போது பேசுவதில்லையாம், அவனே எடுத்துக்கொண்டு ஓடுவதால்.

ஆயுத பூஜை விடுமுறையில் நாங்கள் உங்கள் ஊருக்கு வருகிறோம். பழனி, கோவை, மேட்டுப்பாளையம் என்று மூன்று பஸ் மாறுவதாகத் திட்டம். உங்கள் பையனை எட்டாம் நம்பர்தான் தடுக்க வேண்டும், உயரத்துக்கு உயரம் என்று பையன்களிடம் சொன்னேன். நான்காம் நம்பர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அவன் பந்தத் தட்டும்போது முழங்காலுக்கு மேல வருதான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கண்ணே. வந்துச்சுன்னா நான் பாத்துக்கிறேன்."

கேட்டுச் சொல்லுங்கள்.